ஒரே பள்ளி, இரண்டு வளாகம்: இன்சியாட் ஆசியாவுக்கு வந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

சிங்கப்பூரில் புவன விஸ்தா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆயர் ராஜா அவென்யூ பக்கம் நடந்தால் இன்சியாட் வணிகப் பள்ளியின் வளாகம் வரும். 'நல்ல காட்சி' என்று பொருள்படும் இத்தாலியச் சொல் நிலையத்தின் தமிழ்ப் பலகையில் எப்படியோ புவனமாகிவிட்டது. நிறுவனங்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யும் வேலையில் இருப்பதால் அந்தப் பக்கம் எனக்கு அடிக்கடி போக்குவரத்து உண்டு. கூட வருகிற ஆட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இது எந்த ஊர் யுனிவர்சிட்டி?"

அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. பிரான்சில் பிறந்த பள்ளி. ஆனால் பிரெஞ்சுப் பள்ளி என்று சொன்னால் உள்ளே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிங்கப்பூர் வளாகத்தைக் 'கிளை' என்று சொன்னால் அதற்கும் முகம் சுளிப்பார்கள். இந்த இரண்டு மறுப்புகளும் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு என்ன விலை கொடுத்தார்கள், அது பலித்ததா என்பதுதான் இங்கே பேசப்போவது. தோற்றுவித்தவர்களைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் இதில் பதவியின் பெயரால்தான் வருகிறார்கள். ஆட்களைவிட முடிவுகளைப் பார்ப்பதே நோக்கம்.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் வளாகம் திறக்கத் தொடங்கிவிட்டன. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் டீக்கின், குருகிராமில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் என்று வரிசை நீள்கிறது. "அங்கே படித்தாலும் இங்கே படித்தாலும் ஒரே மதிப்புதானா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சோதனையைச் செய்து பார்த்த பள்ளி ஒன்று இருக்கிறது.

பின்னணி: அரண்மனைக்குள் ஒரு வகுப்பறை

வணிகப் பள்ளி என்பதே அமெரிக்கச் சரக்கு என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. இன்று இஎஸ்சிபி என்று அழைக்கப்படும் பாரிஸ் பள்ளி 1819இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் வார்ட்டன் வந்தது 1881இல், ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல். ஆனால் எம்பிஏ என்ற பட்டத்தையும், நிஜ நிறுவனங்களின் சிக்கலை வகுப்பில் போட்டு அலசும் கேஸ் முறையையும் ஊன்றி வளர்த்தது ஹார்வர்டுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பியத் தொழிலதிபர்கள் திரும்பிப் பார்த்த இடமும் அதுவே. நெஸ்லே நிறுவனம் 1957இல் ஹார்வர்டின் துணையோடு சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒரு மேலாண்மைப் பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டே ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஐஇஎஸ்இ வணிகப் பள்ளி வந்தது.

ஜார்ஜ் டோரியோ 1899இல் பாரிசில் பிறந்தவர். ஹார்வர்டில் நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார், அமெரிக்க ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தார், 1946இல் புதிய நிறுவனங்களுக்கு முதலீடு தரும் ஏஆர்டி நிறுவனத்தைத் தொடங்கினார். 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற சின்னக் கணினிக் கம்பெனியில் ஏஆர்டி போட்ட 70,000 டாலர், துணிகர முதலீட்டு வரலாற்றில் இன்றும் பேசப்படுகிற பணம். அதே 1957இல்தான் அவருடைய யோசனைப்படி, பாரிஸ் வணிகச் சபையின் ஆதரவோடு இன்சியாட் உருவானது. கூட நின்றவர்கள் ஹார்வர்டில் எம்பிஏ படித்துத் திரும்பிய இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள்: க்ளோட் ஜான்சென், ஒலிவியே ஜிஸ்கார் தெஸ்தான். பின்னாளில் பிரான்சின் அதிபரான வலேரியின் தம்பிதான் இந்த ஒலிவியே.

அந்த ஆண்டின் இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1957 மார்ச் 25 அன்று ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு நாடுகள் பொதுச் சந்தை அமைக்க ஒத்துக்கொண்டன. போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள். சந்தை திறந்துவிடும், ஆனால் எல்லை தாண்டி வேலை செய்யத் தெரிந்த மேலாளர் எங்கே? பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் இடம் வேண்டும் என்பதுதான் அப்போதைய தேவை. ஆகவே சேர்க்கைக்கு மூன்று மொழிகள் கேட்டார்கள்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன். பேராசிரியர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியில் வகுப்பு. மொழிபெயர்ப்பாளர் கிடையாது.

இடமும் யோசித்தே எடுக்கப்பட்டது. பாரிசுக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கும் ஃபோன்டேன்ப்ளோ, அரசர்கள் வேட்டைக்கு வந்த ஊர். நெப்போலியன் 1814இல் தன் படைவீரர்களிடம் விடைபெற்ற முற்றம் அங்கேதான் இருக்கிறது. நேட்டோவின் மத்திய ஐரோப்பியத் தலைமையகமும் அப்போது அந்த ஊரில் இருந்ததால் பல நாட்டுக்காரர்களின் நடமாட்டம் ஊருக்குப் புதிதல்ல. 1959இல் முதல் வகுப்பு அந்த அரண்மனையின் ஒரு பகுதியில் தொடங்கியது. அரண்மனையில் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்டிய நீண்ட கூடத்தின் சுவர்களில் அவருடைய சின்னமான சாலமாண்டர், தீயில் வாழும் என்று நம்பப்பட்ட பல்லி மாதிரியான பிராணி, திரும்பத் திரும்ப வரும். பள்ளியும் அதையே தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. 1967இல் காட்டின் ஓரத்தில் சொந்த வளாகத்துக்கு மாறினார்கள். பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். அதே 1967இல் நேட்டோ ஊரைக் காலி செய்தது.

பிரான்சுக்குள் இந்தப் பள்ளியின் இடம் கொஞ்சம் விசித்திரமானது. அங்கே மேல்தட்டு வணிகக் கல்வி என்றால் 'கிராந்த் எகோல்' முறை: பள்ளி முடித்ததும் இரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பு, பிறகு கடுமையான போட்டித் தேர்வு, அதில் தேறினால் எச்இசி, எசெக், இஎஸ்சிபி. நம் ஊர் ஐஐடி நுழைவுத் தேர்வு மனநிலைதான். இன்சியாட் இந்த வரிசையில் நிற்கவே இல்லை. சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருபவர்களை எடுத்தது, பத்து மாதத்தில் எம்பிஏ கொடுத்து அனுப்பியது. அமெரிக்காவில் அதே பட்டத்துக்கு இரண்டு ஆண்டு. சொந்த நாட்டு மதிப்பு ஏணியில் படி இல்லாத பள்ளி, வெளியில்தான் தன் பெயரைத் தேடியாக வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இதுதான் என்பது என் கணிப்பு.

கவனித்தவை: பாடத்தில் மட்டும் இருந்த ஆசியா

1970களில் ஜப்பானியக் கார்களும் மின்னணுப் பொருட்களும் ஐரோப்பாவை உலுக்கின. பள்ளி சும்மா இருக்கவில்லை. 1980இல் ஃபோன்டேன்ப்ளோ வளாகத்திலேயே ஐரோப்பிய-ஆசிய மையம் ஒன்றைத் தொடங்கியது. ஜப்பானில் பல ஆண்டுகள் வாழ்ந்து அந்தச் சமூகத்தை ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைவர். ஆசியாவில் வேலைக்குப் போகவிருந்த ஐரோப்பிய மேலாளர்கள் அங்கே வந்து படித்தார்கள். ஆசியாவிலும் குறுகிய காலப் பயிற்சிகள் நடந்தன.

இதில் ஒரு குறை போகப் போகத் தெரிந்தது. ஆசியாவைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், கேட்கிறவர்கள் எல்லாரும் பிரெஞ்சுக் காட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டுக்குச் சில முறை விமானம் ஏறிப் போய்வரும் பேராசிரியருக்கு ஊர் தெரியும், ஊரில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. 1990களின் நடுவில் சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும் வளர்ந்த வேகத்தைப் பார்த்தால், பத்து மாத எம்பிஏ முடித்து வெளியே போகும் மாணவர் ஆசியாவில் ஒரு நாள்கூட இருக்காமல் பட்டம் வாங்குவது இடிக்கத்தான் செய்தது.

இன்னொன்று, ஆட்டத்தின் விதிகளே மாறிக்கொண்டிருந்தன. ஐரோப்பியக் கூட்டமைப்பான ஈஎஃப்எம்டி, வணிகப் பள்ளிகளுக்கென ஈக்விஸ் என்ற அங்கீகாரத்தை 1990களின் இறுதியில் கொண்டுவந்தது. முதலில் அதைப் பெற்ற பள்ளிகளில் இன்சியாட்டும் ஒன்று. ஃபைனான்சியல் டைம்ஸ் நாளேடு 1999இல் உலக எம்பிஏ தரவரிசையை வெளியிடத் தொடங்கியது. அதுவரை ஒரு பள்ளியின் மதிப்பு வாய்வழிச் செய்தி. இனி அதற்கு எண் உண்டு. அந்த எண்ணில் மாணவர், பேராசிரியர், நிர்வாகக் குழு ஆகியோரில் வெளிநாட்டவர் எத்தனை பங்கு என்பதும், பட்டதாரிகள் நாடு விட்டு நாடு போய் வேலை செய்கிறார்களா என்பதும் கணக்கில் வந்தன.

முடிவும் அதற்கான காரணமும்

அன்றைக்கு ஆசியாவில் கால் வைக்க ஐரோப்பியப் பள்ளி ஒன்றுக்கு இருந்த வழிகள் அதிகமில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கைகோத்துக் கூட்டுப் பட்டம் தரலாம். அமெரிக்காவின் கெலாக் பள்ளி ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு 1998இல் அப்படித்தான் செய்தது. வாடகைக் கட்டடம் எடுத்து, பேராசிரியர்களை விமானத்தில் அழைத்து வந்து பாடம் நடத்தலாம். பெயரைக் கொடுத்துவிட்டு உள்ளூர் ஆட்களிடம் நடத்த விடலாம்; இது மலிவு, ஆபத்தும் அதிகம். கடைசியாக, முழு வளாகமே கட்டலாம்.

கடைசி வழியை எடுத்தார்கள். அதுவும் எப்போது? 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆசிய நாணயங்கள் விழுந்த சமயத்தில். இந்தோனேசியாவில் ஆட்சியே கவிழ்ந்தது. 1998இல் சிங்கப்பூர்ப் பொருளாதாரமும் சுருங்கியது. ஆசிய அதிசயம் முடிந்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதிக்கொண்டிருந்த வேளையில் அங்கே நிலம் பார்ப்பது என்பது சாதாரணத் துணிச்சல் இல்லை.

சிங்கப்பூரைத் தேர்ந்ததில் பெரிய புதிர் இல்லை. ஆங்கிலம் புழங்கும் ஊர், நல்ல விமான நிலையம், பல நிறுவனங்களின் வட்டாரத் தலைமையகம். அதைவிட முக்கியம், அரசு கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. உலகின் முன்னணிக் கல்வி நிறுவனங்கள் பத்தையாவது பத்து ஆண்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1998இல் திட்டம் போட்டது. ஹாங்காங் அப்போதுதான் 1997இல் சீனாவிடம் கைமாறியிருந்தது. அங்கே ஏற்கெனவே வலுவான வணிகப் பள்ளியும் இருந்தது.

பள்ளிக்குள் தயக்கம் இருந்தது. பணம் இரண்டாகப் பிரியும். ஆராய்ச்சி நேரம் போகும். தூரத்து வளாகம் இரண்டாந்தரமாகிப் பள்ளியின் பெயரையும் கீழே இழுத்துவிடும். கடைசிப் பயம்தான் உண்மையான பயம். அதற்கு மருந்தாகத்தான் 'ஒரே பள்ளி, இரண்டு வளாகம்' என்ற கோட்பாடு வந்தது.

கேட்க விளம்பர வாசகம் மாதிரி இருக்கும். நடைமுறையில் அது என்ன கேட்டது என்று பார்த்தால்தான் கனம் புரியும். சேர்க்கைக் குழு ஒன்றுதான். சிங்கப்பூருக்கென்று தனிக் கட்-ஆஃப் கிடையாது. பட்டம் ஒன்றுதான், எந்த வளாகம் என்று பிரித்துச் சொல்லும் தனிப் பட்டம் இல்லை. பேராசிரியர் குழு ஒன்றுதான். நிதி, வியூகம், விற்பனை என்று துறைகள் இரண்டு வளாகத்துக்கும் பொது, நியமனமும் பதவி நிலைப்பும் ஒரே அளவுகோலில். சிங்கப்பூரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பேராசிரியர்கள் வேண்டும். மாணவர்கள் நடுவில் வளாகம் மாற வேண்டும்.

இதில் விலை கூடியது பேராசிரியர் விஷயம். கட்டடத்துக்குக் கடன் வாங்கலாம். ஃபோன்டேன்ப்ளோவில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, துணைவருக்குப் பாரிசில் வேலையும் இருக்கிற ஒருவரைப் பூமத்திய ரேகைக்கு அருகில் குடியேறச் சொல்வதற்குச் சம்பள உயர்வு மட்டும் போதாது. துறைக் கூட்டம் நடத்துவதுகூடக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை: பிரான்சில் காலை 9 மணி என்றால் சிங்கப்பூரில் கோடையில் பிற்பகல் 3, குளிர்காலத்தில் 4. காலையில் அவர்கள் காபியோடு உட்காரும்போது இவர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

2000 ஜனவரி: வகுப்பு தொடங்கியது

2000 ஜனவரியில் சிங்கப்பூரில் எம்பிஏ வகுப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு வார்ட்டனோடு கூட்டணி அமைந்து, மாணவர்கள் அமெரிக்காவுக்கும் போய்ப் படிக்க வழி பிறந்தது. பணியில் இருக்கும் மேலாளர்களுக்கான எக்சிக்யூட்டிவ் எம்பிஏ 2003இல் வந்தது. 2015இல் சிங்கப்பூர் வளாகத்தில் தலைமைத்துவப் பயிற்சிக்கெனத் தனிக் கட்டடமும் எழுந்தது. பின்னர் பத்தாண்டுகள் பொறுப்பில் இருந்த டீன் சிங்கப்பூரிலேயே இருந்து பள்ளியை நடத்தினார். கிளைக்கு யாரும் தலைவரை அனுப்பி உட்காரவைப்பதில்லை. அதைப் பார்த்தபோதுதான் 'கிளை இல்லை' என்று அவர்கள் சொல்வதை நானும் நம்பத் தொடங்கினேன்.

வளாக மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவர் மூலம் கிட்டே பார்க்க முடிந்தது. திருச்சிப் பக்கம், பொறியியல் படித்தவர், சிங்கப்பூரில் ஐந்தாறு ஆண்டு வேலை. இன்சியாட்டில் இடம் கிடைத்ததும் நான், "நடந்து போகிற தூரத்தில் வளாகம் இருக்கும்போது பிரான்சுக்கு எதற்கு?" என்று கேட்டேன். "அதனாலதான் அண்ணா. இங்க இருக்கிறதுக்கு இங்கேயே எதுக்குப் படிக்கணும்?" என்றார்.

பத்து மாதப் படிப்பு ஐந்து பருவமாகப் பிரிந்திருக்கும். மாணவர்கள் பி1, பி2 என்று எண்ணித்தான் பேசுவார்கள். மாதப் பெயரே வாயில் வராது. முதல் இரண்டு பருவமும் அடிப்படைப் பாடங்கள். குழுவைப் பள்ளியே அமைத்துக் கொடுக்கும், வேண்டுமென்றே பொருந்தாத ஆட்களைச் சேர்த்து. இவருடைய குழுவில் ஒரே நாட்டுக்காரர் இருவர்கூட இல்லை. ஃபோன்டேன்ப்ளோவில் மாணவர்கள் சுற்றுக் கிராமங்களில் பழைய வீடுகளை, சில சமயம் சின்ன மாளிகைகளையே, கூட்டாக வாடகைக்கு எடுப்பது வழக்கம். இவர் இருந்த வீட்டில் கூரை உயரம், கணப்பு மட்டும் வேலை செய்யவில்லை. ஜனவரியில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேலன்ஸ் ஷீட் படித்ததாகச் சொல்வார். பிறகு வளாகம் மாற ஏலம். ஆளுக்கு இவ்வளவு புள்ளி என்று கொடுத்துவிடுவார்கள். விரும்பிய பாடத்துக்கும் வளாகத்துக்கும் அதைச் செலவழிக்க வேண்டும். இவர் புள்ளிகளை வளாகத்துக்கே கொட்டிவிட்டு சிங்கப்பூர் திரும்பினார், கேட்ட பாடம் ஒன்றைக் கோட்டைவிட்டு. அப்புறம் ஹெரிட்டேஜ் வியூ அடுக்குமாடியில் மூன்று பேரோடு வீடு. வளாகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஒவ்வொரு தொகுதி மாணவரும் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். காவலாளிக்கே பருவக் கணக்கு தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே வாழ்ந்த ஊருக்கு மாணவராகத் திரும்பியவர் என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல அவரால் முடிந்தது. பாடத்தின் கனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்றார். வித்தியாசம் வகுப்புக்கு வெளியே: அங்கே காடும் கிராமமும் என்பதால் மாணவர்கள் ஒருவரையொருவர் விட்டால் வேறு கதியில்லை, இங்கே நகரம் இழுத்துவிடுகிறது.

பிறகு நடந்தது

அதே காலத்தில் சிங்கப்பூருக்கு வந்த மற்றவர்களின் கதையையும் பக்கத்தில் வைக்காவிட்டால் இந்த முடிவின் எடை தெரியாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி அதே 2000இல் வந்தது. தான் இயோக் நீ இல்லம் என்ற அழகான பழைய சீன மாளிகையில் எக்சிக்யூட்டிவ் எம்பிஏ நடத்தியது. பேராசிரியர்கள் சிகாகோவிலிருந்து பறந்து வந்து பாடம் எடுத்துவிட்டுப் போவார்கள். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2013இல் அந்தப் படிப்பை ஹாங்காங்குக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பறந்து வருகிற வகுப்பு பறந்தும் போகலாம். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகம் அழைப்பைப் பரிசீலித்து, கல்விச் சுதந்திரம் பற்றிய கவலை உட்படப் பல காரணங்களால் 2005இல் வேண்டாம் என்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் திறந்து, எதிர்பார்த்த மாணவர் வராததால் ஜூனிலேயே மூடியது. ஒரே ஒரு பருவம். அதை நம்பி வந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் திரைப்படப் பள்ளியும் 2015இல் கடையைக் கட்டியது.

இன்சியாட் நின்றது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் எம்பிஏ மாணவர்கள் இரு வளாகங்களிலுமாக, இரண்டு தொகுதிகளில் சேர்கிறார்கள். 2016இல் ஃபைனான்சியல் டைம்ஸ் எம்பிஏ தரவரிசையில் முதலிடம்; ஓராண்டு எம்பிஏ ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. 2017இலும் முதலிடம். 2021இல் மீண்டும்.

இந்த 2021ஐப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனா காரணமாக ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன் உள்ளிட்ட பெரிய அமெரிக்கப் பள்ளிகள் அந்த ஆண்டுப் பட்டியலில் கலந்துகொள்ளவே இல்லை. ஆகவே 2016, 2017 முதலிடங்களோடு அதை ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. அந்தப் பட்டியலின் அளவுகோல்களிலும் சர்வதேசத் தன்மைக்குப் புள்ளி உண்டு என்பதை முன்பே சொன்னேன். எந்த நாட்டையும் சேராத பள்ளிக்கு அது சாதகம். ஏமாற்று வேலை என்று நான் சொல்லவரவில்லை. 1957இல் எடுத்த கோட்பாட்டுக்கு 1999இல் ஒரு மதிப்பெண் முளைத்தது, அவ்வளவுதான்.

மதிப்பு என்பது கேட்கிற இடத்தைப் பொறுத்து மாறுவதையும் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரிலோ துபாயிலோ ஆலோசனை நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு மேலாளரிடம் இன்சியாட் என்றால் விளக்கம் தேவையில்லை. பாரிசில் பாரம்பரியக் குடும்பம் ஒன்றில் எச்இசி என்றால்தான் கண் விரியும். நம் ஊர்த் திருமண வீட்டில் இரண்டுமே எடுபடாது. ஹார்வர்டா, ஐஐஎம்மா என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

அபுதாபியில் 2007இல் மையம் திறந்து, 2010இல் அதை வளாகமாக உயர்த்தினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மையம் 2020 பிப்ரவரியில் திறந்தது, அடுத்த மாதமே உலகம் பூட்டிக்கொண்டது. இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் சிங்கப்பூர் அளவுக்குப் பேராசிரியர்கள் குடியேறிய இடங்கள் இல்லை. 'இரண்டு வளாகம்' என்ற வாசகத்தில் எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது, 'ஒரே பள்ளி' என்ற பாதியைக் காப்பாற்றுவதுதான் பாடு.

மாற்றிச் செய்திருக்கலாம் என்று தோன்றுபவை

முதலாவது மொழி. மூன்று மொழியில் தொடங்கிய பள்ளி, காலப்போக்கில் ஆங்கிலத்தில் நின்றது. இன்னொரு மொழியைச் சேர்க்கையிலும், மூன்றாவதை முடிக்கும் முன்பும் கேட்டு வந்தார்கள், உண்மை. ஆனால் வகுப்பறையில் ஜெர்மன் பேச்சைப் பிரெஞ்சுக்காரர் கூர்ந்து கேட்டுப் புரிந்துகொண்ட அந்த உழைப்பு போய்விட்டது. ஆசிய வளாகம் வந்தபோதே, அங்கே ஒரு பருவமாவது இருப்பவர்களுக்கு மாண்டரினோ மலாயோ பேச்சளவிலாவது கட்டாயம் என்று வைத்திருக்கலாம். நான்கு அதிகார மொழிகள் பலகையில் இருக்கும் ஊரில் ஐந்து பருவமும் ஆங்கிலத்திலேயே கழித்துவிட்டுப் போகிற மாணவர்களைப் பார்க்கும்போது இது உறுத்தும்.

இரண்டாவது, என் வேலை முறையில் நானே மாற்றிக்கொண்டது. யாராவது வெளிநாட்டு வளாகத்தைப் பற்றிக் கேட்டால் முன்பெல்லாம் தரவரிசையைத்தான் முதலில் எடுப்பேன். இப்போது அதைக் கடைசியில் வைக்கிறேன். பாடம் நடத்துபவர் அந்த ஊரில் குடியிருக்கிறாரா, தலைமை வளாகத்தில் அவருக்கு வாக்கு உண்டா, இங்கே சேர்ந்தவர் அங்கே போய் ஒரு பருவம் படிக்க முடியுமா, இரண்டு இடத்துக்கும் சேர்க்கை ஒரே குழுவா என்று கேட்கச் சொல்கிறேன். சில நிறுவனங்களின் விளம்பரப் பிரிவு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தருவதற்குள் விண்ணப்பத் தேதியே முடிந்துவிடுகிறது. அதுவும் ஒரு பதில்தான்.

எங்கள் அலுவலகத்துக்காரர் பட்டம் வாங்கிய கையோடு ஊருக்குப் போனார். அப்பா சான்றிதழை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ இது பிரான்சு டிகிரியாம்மா, சிங்கப்பூர் டிகிரியா?" என்று கேட்டாராம். "ரெண்டும் இல்லப்பா, இன்சியாட் டிகிரி" என்று இவர் விளக்கியிருக்கிறார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது, "பொண்ணு பிரான்சுல எம்பிஏ முடிச்சிட்டு வந்திருக்கா" என்றாராம்.